தரை ஆடுவதற்கு முன் எழுந்தவள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. சென்னையிலிருந்து ஓர் அறிவியல் மலருக்காக, நிலநடுக்க அலைகள் பூமிக்குள் எப்படிப் பயணம் செய்கின்றன என்று ஆறு பக்கத்தில் எளிமையாக ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சிலியில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன், கொக்கிம்போ துறைமுகத்தில் சரக்கு எடை போடுகிறவன், தரை அசைய அசைய உட்கார்ந்து சாப்பிட்டே வயிறு வளர்த்தவன். இவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். (தெரியும் என்றுதான் நானும் பதில் போட்டேன். என் குணம் அப்படி.)

கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

"பூமியின் ஆழத்தில் பாறைகள் உடையும்போது—"

பிறகு இப்படி:

"மனிதன் தோன்றிய காலந்தொட்டே—"

இதற்குமேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வந்துவிடும் என்று நிறுத்தினேன். மூன்றாம் முறை தாளை எடுத்தபோது அதில் நோல்ஃபா பராவோனா வந்து நின்றுகொண்டாள், கையில் கரண்டியோடு. போகச் சொல்லிப் பார்த்தேன், போகவில்லை. கட்டுரை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அலைகள் உண்டு, தூரமும் வேகமும் உண்டு. நடுவில் ஒரு கல்யாணப் பேச்சும் இருக்கும், அவ்வளவுதான்.

2

நோல்ஃபாவுக்கு அறுபத்தொரு வயது. மீன் இறங்குதுறைக்கு எதிரே ஏழு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை அவளுடையது. கணவன் போய் ஒன்பது வருடமாகிறது. மகன் தெற்கே எங்கோ காட்டு வேலையில் இருக்கிறான். மீன் சூப்பை அவள் கொதிக்கக் கொதிக்கத்தான் வைப்பாள், ஆறட்டும் என்று காத்திருந்தால் திட்டுவாள்.

[இந்த இடத்தில் அவளைப் பற்றி "தனிமை அவளை மெல்ல மெல்ல" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். இந்தப் பக்கங்களை அவளுக்கு அவள் மொழியில் சொல்லிக்காட்டியபோது கரண்டியை மேசையில் தட்டினாள்.

"யாருக்குத் தனிமை? எனக்கா? ஏழு மேசை, அதுல தினமும் நாப்பது வாயி. இதுல தனிமை எங்க இருக்கு எழுத்துக்காரரே? ராத்திரி கட்டில்ல குறுக்க விழுந்து படுப்பேன், கேக்க ஆளில்ல. அது சுகம்யா. சுகம்னு எழுதுங்க."

சுகம் என்று எழுதிவிட்டேன்.]

அன்செல்மோ அர்திலேஸுக்கு அறுபத்தாறு. நூற்று அறுபது கிலோமீட்டர் வடக்கே, வாஸ்கோ என்ற கடலோர ஊரில் ஆலிவ் மரங்கள் வைத்திருக்கிறார். இரண்டு வருடம் முன்பு ஆலிவ் காய் ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்து இறக்கியவர், பசிக்கிறது என்று உட்கார்ந்தார், இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாலை நான்கு மணிக்கு ஃபோன். நோல்ஃபாவின் கை எப்போதும் மாவிலோ மீனிலோ இருக்கும் என்பதால் ஃபோனைக் கல்லாமேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள். ஆகவே அவருக்கு எந்த முழங்காலில் வலி, எந்த மரம் இந்த வருடம் ஏமாற்றியது எல்லாம் ஏழு மேசைக்கும் அத்துப்படி. நாங்கள் நான்கு மணி வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது சூப்புக்காக மட்டுமல்ல.

அவர் கேட்ட அந்தக் கேள்வியும் அப்படித்தான் ஏழு மேசை காதிலும் விழுந்தது.

"நோல்ஃபா, மேற்குப் பக்கமா ஒரு அறை கட்டி முடிச்சிட்டேன். மண் செங்கல்தான், ஆனா நல்ல தடிச் செவுரு. வெயில்ல குளுகுளுன்னு இருக்கும். நீங்க வந்துட்டீங்கன்னா... நான் சொல்ல வர்றது... வந்துடுங்களேன்."

மீனவன் யெர்கோ வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்றாள் நோல்ஃபா.

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு. வேணாம்னா வேணாம்னு நேரா சொல்லிடணும். அதோட இந்த ஃபோனையும் நிப்பாட்டிக்கிறேன். கோவத்துல சொல்லல. ஆசையை மனசுல வச்சுக்கிட்டு, இங்க மழை இல்ல, அங்க மழை உண்டான்னு பேசிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல."

சரி என்றால் கடையை மூட வேண்டும். மாட்டேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி இனி வராது. அவளுக்கு இருந்த சிக்கல் இதுதான், இதைத் தவிர வேறொன்றுமில்லை.

3

அந்த வாரத்தை எப்படி எழுதுவது என்று மூன்று விதமாக முயன்றேன். ஒன்றில் அவள் சன்னலோரம் நின்று கடலைப் பார்த்தாள். அவள் கடலைப் பார்ப்பது மீன் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான், ஆகவே அது போயிற்று. இன்னொன்றில் இறந்த கணவனின் படத்தோடு பேசினாள்.

"அந்த ஆளோட உயிரோட இருந்தப்பவே நான் பேசினதில்ல" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவதுதான் உண்மை. செவ்வாய்க்கிழமையே முடிவு செய்துவிட்டாள். மாட்டேன் என்று. வருத்தமில்லாமல் இல்லை. ஆனாலும் அறுபத்தொரு வயதில் இன்னொருவர் வீட்டில் போய், உப்பு எங்கே இருக்கிறது என்று தேட அவளுக்கு மனமில்லை. என்ன சொல்வது என்று வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தாள். "இங்க பாருங்க அன்செல்மோ, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன், என் கடையை விட்டுட்டு என்னால வர முடியாது." வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம்.

4

ஞாயிறு, மணி நான்கு. ஃபோன் அடித்தது. நோல்ஃபா கையைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் போடாமல், காதில் வைத்தாள். ஏழு மேசையிலும் முகம் தொங்கிப்போயிற்று. கேட்க முடியாமல் போயிற்றே என்று பாதி. நல்ல பதிலாக இருந்தால் மறைப்பாளா என்று மீதி.

எங்களுக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்தான்.

"ம்... ம், சாப்பிட்டேன். முழங்கால் எப்படி? சரி. இங்க பாருங்க அன்செல்மோ, நான் நல்லா யோசிச்சுப்—"

நிறுத்தினாள்.

"என்ன சத்தம் அது? ஆடுதா? ரொம்பவா? அன்செல்மோ, வெளிய வாங்க. வெளிய வாங்கன்னு சொல்றேன்ல! அன்செல்மோ?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "வாஸ்கோவுல ஆடுது" என்றாள் எங்களிடம். "லைன் போச்சு."

எங்கள் தரை அப்போது அசையவில்லை. கிண்ணத்தில் சூப் கண்ணாடி மாதிரி நின்றது.

5

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். அங்கே கிளம்பிய ஆட்டம் இங்கே எட்டக் கையில் பதினைந்து வினாடி இருக்கிறது. கேட்டிருந்த கட்டுரையை எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வாஸ்கோவுக்கு அடியில், நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில், பாறை உடைந்து நழுவியிருக்கிறது. அந்த அதிர்ச்சி எல்லாப் பக்கமும் கிளம்பிவிட்டது. எங்களை நோக்கியும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒரே அலையாக வருவதில்லை.

முன்னால் வருவது முதல் அலை. நெரிசலான பஸ்ஸில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் நிற்பவரைப் பின்னால் நிற்பவர் இடிப்பார், அவர் அடுத்தவரை இடிப்பார். எல்லோரும் அவரவர் இடத்தில்தான் இருப்பார்கள், இடி மட்டும் நகர்ந்துகொண்டே போகும். முதல் அலை அந்த மாதிரி. பாறையை நெருக்கித் தளர்த்தி, நெருக்கித் தளர்த்தி, வினாடிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும். கல்லிலும் ஓடும், தண்ணீரிலும் ஓடும். பெரிய சேதம் செய்யாது. அடியிலிருந்து ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அடுத்தது இரண்டாம் அலை. ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்து உதறுவதுபோல, போகிற திசைக்குக் குறுக்கே பாறையை உதறிக்கொண்டு வரும். வேகம் முந்தியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வீட்டைப் பிடித்து ஆட்டுவது இதுதான். இதற்கு ஒரு பலவீனம் உண்டு, திரவத்துக்குள் போகாது. உதறினால் எதிர்த்து நிற்கத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

(யெர்கோவிடம் கேட்டுச் சரிபார்த்தேன். "படகுல இருந்தா ஆட்டமே கிடையாதுண்ணே. அடியில யாரோ சுத்தியலால ஒரு போடு போட்ட மாதிரி டம்முனு கேக்கும். பாறையில மோதிட்டோமோன்னு ஈரக்குலை நடுங்கும். எட்டிப்பாத்தா ஒண்ணும் இருக்காது." அவனுக்கு எட்டியது முதல் அலை மட்டும்.)

கடைசியில் வருவது மேற்பரப்பு அலைகள். ஆழத்தில் இறங்காமல் தரையை ஒட்டியே உருண்டும் நெளிந்தும் வரும். இருப்பதிலேயே மெதுவாக வருவதும் இவைதான், வந்தால் லேசில் விடாததும் இவைதான். தொங்கும் விளக்கு சாவகாசமாக இப்படியும் அப்படியும் போய்வருவது இவற்றால்.

(சென்னை வாசகருக்கு ஒரு வார்த்தை. இங்கே பூமி அதிர்ந்தால் அந்த முதல் அலை பூமியின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் உங்கள் காலடிக்கு வந்துவிடும். கருவிக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் அலை வராது. நடுவில் உருகிக் கிடக்கும் இரும்புக் கடலில் அதன் பயணம் முடிந்துவிடும். மேற்பரப்பு அலைகள் உலகைச் சுற்றிக்கொண்டு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேரும். இதை வைத்து மனித மனங்களுக்கிடையே உள்ள தூரத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். பூமிக்கு நம் மனதைப் பற்றி ஒன்றும் தெரியாது.)

முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணி, எட்டால் பெருக்கினால் உடைந்த இடம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கு நோல்ஃபாவுக்குப் பிறவிப் பழக்கம்போல. தட்டு கேட்டதும் உதடு எண்ண ஆரம்பித்துவிடும். கை பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருக்கும்.

6

"சரி, உங்க ஊர்ல இதெல்லாம் ஆடுமா?" என்றாள் நோல்ஃபா, நான் இந்த இடத்தைச் சொல்லிக்காட்டியபோது.

"இந்த மாதிரி ஆடாது."

"அப்போ நான் எந்திரிச்சது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஆட்டத்துக்கு எழுந்திருக்கமாட்டார்கள். ரிக்டர் அளவில் ஏழுக்குக் கீழே இருந்தால் அதை நிலநடுக்கம் என்றே சொல்லமாட்டார்கள், சும்மா ஒரு ஆட்டம். கோப்பையைக் கையால் பிடித்துக்கொண்டு, விட்ட பேச்சைத் தொடர்வார்கள். "ஆறு புள்ளி ஒண்ணு." "போடா, அஞ்சு எட்டுக்கு மேல இருக்காது." ஊகிப்பதில் யார் ஜெயித்தார் என்று வானொலி சொல்லும்வரை சண்டை போடுவார்கள். எழுந்து ஓடுகிறவன் வெளியூர்க்காரன். நான் முதல் வருடம் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்ததை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். நோல்ஃபா இதில் மற்றவர்களைவிட ஒருபடி மேல். ஒருமுறை சுவரிலிருந்து கடிகாரம் விழுந்தபோதும் வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள்.

அந்த நோல்ஃபா எழுந்தாள்.

எழுந்தாள் என்றால், கல்லாமேசை முக்காலியிலிருந்து எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துக் கீழே போட்டு, ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பி நின்றாள். தரை அசையவே இல்லை. ஏழு மேசையும் அவளை அண்ணாந்து பார்த்தது.

"அக்கா, எங்க கிளம்பிட்டீங்க?" என்றான் யெர்கோ.

அவள் அவனைப் பார்த்தாள். எங்கே கிளம்பினோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். (நினைக்கிறேன் என்பதை எடுத்துவிடலாம். அவளே பிறகு சொன்னாள்.)

அப்போது டம் என்று அடியிலிருந்து ஒரு தட்டு. கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

நின்றபடியே அவள் உதடு எண்ணத் தொடங்கியது. பத்து. பன்னிரண்டு. பதினைந்தில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அது நிற்காமல் முப்பதுக்குப் போக வேண்டும், அன்செல்மோவைத் தாண்டி எங்கோ பாலைவனத்துக்குள் போய்விட வேண்டும் என்பதுதான்.

இருபதில் வந்துவிட்டது. பக்கவாட்டில் ஓர் இழுப்பு, மேசைகள் நகர்ந்தன, சூப் கிண்ணத்தைத் தாண்டிச் சிந்தியது. பின்னாலேயே விளக்கு நிதானமாக ஆட ஆரம்பித்து நெடுநேரம் ஆடியது.

"எட்டு இருபது நூத்தி அறுபது" என்றாள் நோல்ஃபா. "அவருக்கு நேர் கீழ."

அன்றைக்கு ஒருவரும் அளவை ஊகிக்கவில்லை. இங்கேயே இந்த ஆட்டு ஆட்டினால் அங்கே எப்படி இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

7

வானொலி ஆறு புள்ளி ஐந்து என்றது. கடல் பொங்காது என்று கடற்படை அறிவித்தது. வடக்கே போகும் பஸ்கள் பாலம் சோதித்து முடிக்கும்வரை நிறுத்தப்பட்டன. நோல்ஃபா பையை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்போல ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். யெர்கோ சமையலறைக்குள் போய் அவளுக்கு டீ போட்டான். வாயில் வைக்க விளங்காத டீ. அவள் முழுவதும் குடித்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து ஃபோன் அடித்தது. பழக்க தோஷத்தில் விரல் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டது.

"நோல்ஃபா? ஒண்ணும் இல்ல, பதறாதீங்க. சின்ன ஆட்டம். உங்களுக்கு அங்க தெரிஞ்சுதா?"

"சின்ன ஆட்டமா?"

"ஆமா. தம்ளர்கூட கீழ விழல."

"யோவ்!" என்றாள் நோல்ஃபா. தெருவுக்குக் கேட்டிருக்கும். "நான் இங்க இருபது எண்ணியிருக்கேன். உங்க காலுக்கு அடியிலதான் ஒடைஞ்சிருக்கு. பொய் சொல்றதுக்கு வேற ஆளைப் பாருங்க. என்ன விழுந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க."



"ஜாடி பதினொண்ணு."

"அப்புறம்?"

"கோழிக்கூண்டு."

"அன்செல்மோ."

"அறையோட மேற்குச் செவுரு" என்றார். "முழுசா வெளிப்பக்கமா சாஞ்சிடுச்சு. நீங்க கத்துனதாலதான் வெளிய ஓடிவந்தேன். நானா இருந்தா உக்காந்தேதான் இருந்திருப்பேன்."

யெர்கோ மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷம் என்று பிறகு சாதித்தான்.

"அதனால நோல்ஃபா, நான் கேட்டதை விட்டுடுங்க" என்றார் அன்செல்மோ. "மூணு செவுத்து அறைக்கு ஒரு பொம்பளையை வாங்கன்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. பதிலே வேணாம். கேக்கலன்னு வச்சுக்குவோம்."

வாரம் முழுக்க வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் பயந்த இரண்டு இழப்பையும் இப்படி ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார் மனிதர். பதில் வேண்டாம். கடையும் இருக்கும், நான்கு மணியும் இருக்கும். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அதெப்படி கேக்கலன்னு வச்சுக்கறது?" என்றாள் நோல்ஃபா. "ஏழு மேசை சாட்சிக்கு இருக்கு. கேட்டீங்க. நான் பதில் சொல்லியாகணும்."

ஒலிபெருக்கியை அணைத்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

முடிவுகள்.

அ) அவள் கடையை யெர்கோவின் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வாஸ்கோ போய்விட்டாள். (யெர்கோவுக்கு அக்கா உண்டு. ஆனால் அவள் சமையல் யெர்கோவின் டீயைப் போலத்தான்.)

ஆ) அன்செல்மோ தன் ஜாடிகளோடு இங்கே வந்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்து எல்லோரிடமும் முழங்காலைப் பற்றிப் பேசுகிறார்.

இ) இருவரும் அவரவர் ஊரிலேயே இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு—

இந்த மூன்றையும் நோல்ஃபாவிடம் சொன்னேன். எதுவும் பிடிக்கவில்லை. எது நடந்தது என்பதையும் எழுதவிட மறுத்துவிட்டாள்.

"கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினது, சாத்தினதாவே இருக்கட்டும். நான் எந்திரிச்சு நின்னதை எழுதிட்டீங்கள்ல? அது போதும்."

"வாசிக்கிறவங்க என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். கடுதாசியில திட்டினா காது வலிக்காது."

இதையெல்லாம் நான் எந்த ஊர் மேசையில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்காட்டினேன் என்றும் எழுதக் கூடாதாம். ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அவள் தடுக்க மறந்துபோன ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. அதை உங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் வடக்கே போனாள். அதில் ஒன்றுமில்லை, சுவர் விழுந்த வீட்டுக்கு யார்தான் போகமாட்டார்கள்? மண்ணைக் கிளறிச் செங்கல் பொறுக்கிக் கொடுத்தாள். அதிலும் ஒன்றுமில்லை. புதன்கிழமை கொத்தனார் வந்து சுவர் எழுப்ப ஆரம்பித்தபோது, வேலையை நிறுத்தச் சொன்னாள். பழைய சுவரில் சன்னல் கிடையாது. இதில் ஒன்று வைக்க வேண்டும் என்றாள். அன்செல்மோ, ஆலிவ் மரங்கள் தெரிகிற மூலையில் வைக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதெல்லாம் வேண்டாம், கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிய வேண்டும், இந்த உயரம் போதும் என்று அவள் கையை வைத்துக் காட்டியிருக்கிறாள். கொத்தனார் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டார்.

சன்னல் அவள் காட்டிய இடத்தில்தான் இருக்கிறது.